ரிப்போர்ட்டில் ‘எச்’ போட்டதெல்லாம் ஆபத்தா?

கேள்வி: எனக்கு 32 வயது. மலேசியாவில், பட்டர்வொர்த்தில் இருக்கிறோம். இது இரண்டாவது பிள்ளை, இப்போது 30 வாரம். 26ஆவது வாரத்தில் கிளினிக்கில் சீனித் தண்ணீர் குடிக்கக் கொடுத்துப் பார்த்ததில் வெறும் வயிற்றில் 5.4, இரண்டு மணி நேரம் கழித்து 8.1. கர்ப்பகால இனிப்பு நீர் (நீரிழிவு) என்று மிஸ்ஸி (தாதி) புத்தகத்தில் எழுதிவிட்டார். வீட்டில் மெஷின் வாங்கி விரலில் குத்திப் பார்க்கிறேன். காலையில் 5.5 முதல் 5.8 வரை வருகிறது. பசியாறி இரண்டு மணி நேரத்தில் 7.3, மதியச் சோற்றுக்குப் பிறகு 6.0.

போன வாரம் ஒரு பேரங்காடியில் தள்ளுபடி விலையில் முழு ரத்தப் பரிசோதனை செய்தார்கள். மஞ்சள் மூடிக் குழாய் ஒன்று, ஊதா மூடிக் குழாய் ஒன்று, இரண்டில் ரத்தம் எடுத்தார்கள். மொத்தக் கொலஸ்ட்ரால் 7.2, எல்டிஎல் 4.0, ட்ரைகிளிசரைடு 3.6, ஏஎல்பி 168. இந்த நான்குக்கும் பக்கத்தில் ‘எச்’ என்று போட்டிருக்கிறது. கிரியேட்டினின் 44, ஹீமோகுளோபின் 10.1, எம்சிவி 74, இவற்றுக்கு ‘எல்’. ஆனால் எச்பிஏ1சி 5.2, சர்க்கரை 4.7, இரண்டுக்கும் எந்தக் குறியும் இல்லை. அன்று காலை வீட்டு மெஷினில் 5.6 காட்டியது. அப்படியென்றால் எனக்கு இனிப்பு நீரே இல்லையா? கொலஸ்ட்ராலுக்கு மாத்திரை சாப்பிட வேண்டுமா? இந்தக் கொழுப்பு பிள்ளைக்குப் போகுமா? இன்சுலின், அடிபோனெக்டின் எல்லாம் பார்க்கும் பெரிய பேக்கேஜ் ஒன்று இருக்கிறதாம், எடுக்கலாமா? சென்னையில் இருக்கும் என் நாத்தனார் சாப்பிட்டுவிட்டே போய்ச் சோதனை செய்துகொண்டார். 132 என்று வந்தது, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். பயத்தில் முட்டை, தேங்காய், எண்ணெய் எல்லாம் நிறுத்திவிட்டேன். இரண்டு வாரமாக ராத்திரி சாப்பிடுவதில்லை. எடை ஒரு கிலோ குறைந்திருக்கிறது, சிறுநீரில் கீட்டோன் இரண்டு பிளஸ் என்றார்கள். அடுத்த மாதம் வளைகாப்பு வேறு.

பதில்: முதலில் இன்றிரவு சாப்பிடுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதியதுதான் என் கண்ணில் முதலில் பட்டது. கொலஸ்ட்ரால் 7.2 என்பதைப் படித்து எனக்குப் பதற்றம் வரவில்லை. இரண்டு வாரம் ராத்திரிப் பட்டினி, கீட்டோன் இரண்டு பிளஸ், எடை குறைவு என்று படித்தபோது வந்தது. கர்ப்பத்தின் பின்பாதியில் உடம்பு பட்டினிக்குள் மிக வேகமாகப் போய்விடும். மற்றப் பெண்களுக்கு நெடுநேரம் சாப்பிடாமல் இருந்தால் வரும் மாற்றம், கர்ப்பிணிக்கு ஒரு வேளை தவறினாலே வந்துவிடும். பிள்ளை இரவும் பகலும் உங்கள் ரத்தத்திலிருந்து குளுக்கோஸை எடுத்துக்கொண்டே இருக்கிறது. வரத்து நின்றுபோனால் உங்கள் உடம்பு கொழுப்பை எரிக்க ஆரம்பிக்கும். அப்போது உண்டாவதுதான் கீட்டோன்.

இத்தனை பட்டினி கிடந்தும் காலைச் சர்க்கரை இறங்கவில்லையே என்று கேட்பீர்கள். இறங்காது. விடியற்காலையில் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை முந்தைய ராத்திரிச் சோற்றிலிருந்து வந்ததல்ல, பெரும்பாலும் கல்லீரல் தயாரித்து விடுவது. இன்சுலின் ‘போதும், நிறுத்து’ என்று சொன்னால் கல்லீரல் கேட்க வேண்டும். நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்களால் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இன்சுலினின் பேச்சு பாதிதான் எடுபடுகிறது. அது எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் நடப்பது. பெரும்பாலோருக்குக் கணையம் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டிவிடும். சிலருக்கு அது போதாது. உங்களுக்குப் போதவில்லை, அவ்வளவுதான் விஷயம். நீங்கள் செய்த குற்றம் எதுவும் இதில் இல்லை.

ஆகவே ராத்திரிக்கு ஒரு சிறு கிண்ணம் சோறு அல்லது இரண்டு தோசை. அதோடு கெம்போங் மீன், முட்டை, தவு, தெம்பே, இவற்றில் ஏதாவது ஒன்று. தட்டில் பாதி கீரையும் காயும். படுக்கப் போகும்முன் சீனி போடாத பால் ஒரு குவளை குடிக்கலாம். மாவுச்சத்து நாளுக்கு 175 கிராமுக்குக் குறையக் கூடாது என்பது கர்ப்பிணிகளுக்குப் பொதுவாகச் சொல்லும் கணக்கு. அதை ஒரே வேளையில் கொட்டாமல், மூன்று சாப்பாடும் இடையில் இரண்டு மூன்று சிறு தீனியுமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். கீட்டோன் மறுபடி பிளஸ் என்று வந்தாலோ வாந்தி, மயக்கம், வேகமான மூச்சு இருந்தாலோ தேதிக்குக் காத்திருக்காதீர்கள், அன்றே போய்விடுங்கள்.

சரி, இப்போது ரிப்போர்ட்டுக்கு வருவோம். நான் ஜார்ஜ்டவுனில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் மருத்துவர். கர்ப்பிணிகளை உட்கார வைத்துப் பார்ப்பது என் வேலையில்லை. அவர்களுடைய ரத்தத்தைப் பார்ப்பதுதான். அதனால் இந்த ‘எச்’, ‘எல்’ எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். யாரும் உட்கார்ந்து யோசித்துப் போடுவதல்ல. பெரும்பாலான கூடங்களில் கணினிக்கு உங்கள் வயதும், ஆணா பெண்ணா என்பதும் மட்டும்தான் தெரியும். கர்ப்பமாக இல்லாத, நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும் பெரியவர்களின் எண்களை வைத்து எல்லை வகுத்திருப்பார்கள். அந்த எல்லைக்கு மேலே போனால் எச், கீழே போனால் எல். முப்பது வாரக் கர்ப்பிணியின் ரத்தத்தை அந்த எல்லையோடு ஒப்பிட்டால் பாதிப் பக்கத்தில் குறி விழத்தான் செய்யும்.

உங்கள் ஏஎல்பி 168 அப்படிப்பட்டது. கல்லீரலிலும் எலும்பிலும் வரும் அதே நொதியை நஞ்சுக்கொடியும் சுரக்கிறது. கடைசி மூன்று மாதத்தில் இது இரண்டு மடங்குகூட ஆகும். கல்லீரல் நோய் என்று கூகுளில் தேட வேண்டாம். கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு. உங்கள் 44க்கு ‘எல்’ போட்டிருக்கிறார்கள். கர்ப்பத்தில் சிறுநீரகம் கூடுதலாக வடிகட்டுவதால் அது இறங்குவதுதான் இயல்பு. வேடிக்கை என்னவென்றால், 80 என்று வந்திருந்தால் உங்கள் ரிப்போர்ட் வாயைத் திறந்திருக்காது. நான்தான் சிறுநீரகத்தையும் ரத்த அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லியிருப்பேன்.

இந்தத் தலைகீழ்க் கணக்கு சர்க்கரையில்தான் பெரிய தொல்லை கொடுக்கிறது. கிளினிக்கில் வந்த உங்கள் 5.4ஐ ஒரு சாதாரண ரிப்போர்ட்டில் அச்சடித்தால் எந்தக் குறியும் வராது. பெரியவர்களுக்கு 6 வரை சும்மா விட்டுவிடுவார்கள். கர்ப்பிணிக்கு 5.1 தொட்டாலே கணக்கில் சேரும். ஆக உங்கள் கையில் இருக்கும் தாளில் கவலைப்பட வேண்டாத இடத்தில் எல்லாம் எச் நிற்கிறது, கவனிக்க வேண்டிய எண்ணுக்குப் பக்கத்தில் வெறும் வெள்ளைக் காகிதம்.

கொலஸ்ட்ராலும் ட்ரைகிளிசரைடும் ஏன் ஏறின? கர்ப்பத்தின் முதல் பாதியில் தாய் கொழுப்பைச் சேர்த்து வைக்கிறாள். பின்பாதியில் அதை எடுத்துச் செலவழிக்கிறாள். குளுக்கோஸைப் பிள்ளைக்கு விட்டுவிட்டுத் தான் கொழுப்பில் ஓடுவது அந்த உடம்பின் ஏற்பாடு. ஈஸ்ட்ரோஜன் ஏற ஏற, கல்லீரல் ட்ரைகிளிசரைடை அதிகமாக ரத்தத்தில் அனுப்பும். அதனால் பிரசவம் நெருங்கும்போது ட்ரைகிளிசரைடு கர்ப்பத்துக்கு முன்னால் இருந்ததைப் போல் இரண்டு மூன்று மடங்கு ஆவது சகஜம். மொத்தக் கொலஸ்ட்ராலும் கால் பங்கு முதல் அரைப் பங்கு வரை கூடும். பிள்ளையின் உயிரணுச் சுவர்களுக்கும், நஞ்சுக்கொடி செய்யும் ஹார்மோன்களுக்கும் கொலஸ்ட்ரால் வேண்டும். அதைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையைக் கர்ப்பத்தில் பொதுவாகக் கொடுப்பதில்லை. ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களையே பெரும்பாலும் நிறுத்தச் சொல்வார்கள். மாமியார் வீட்டில் யாராவது தன் மாத்திரையை எடுத்து நீட்டினால் வாங்காதீர்கள். எங்கள் கூடத்தில் ட்ரைகிளிசரைடு 11ஐத் தாண்டினால்தான் போனை எடுத்து டாக்டரைக் கூப்பிடுவோம், கணையம் வீங்கிவிடும் என்ற பயத்தில். 3.6க்கு யாரும் யாரையும் கூப்பிட மாட்டார்கள்.

ஆனாலும் அந்த 3.6ஐ நான் முழுதாக ஒதுக்கிவிடப் போவதில்லை. கர்ப்பகால இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு ட்ரைகிளிசரைடு மற்றக் கர்ப்பிணிகளைவிடச் சராசரியாகக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். பிள்ளையின் எடையோடு அதற்கும் தொடர்பு தெரிகிறது. நார்பர்ட் ஃப்ரெய்ங்கல் என்ற அமெரிக்க மருத்துவர் 1980ஆம் ஆண்டிலேயே இதைப் பேசினார்: தாயிடமிருந்து பிள்ளைக்குப் போவது குளுக்கோஸ் மட்டுமல்ல, கொழுப்பு அமிலம், அமினோ அமிலம், கீட்டோன் எல்லாமே சேர்ந்த எரிபொருள் கலவைதான் பிள்ளையை வளர்க்கிறது, பிற்கால உடல்நலத்தையும் அதுதான் பாதிக்கிறது என்றார். ‘கொழுப்பு பிள்ளைக்குப் போகுமா’ என்று நீங்கள் கேட்டதற்குப் பதிலும் இதில் இருக்கிறது. ட்ரைகிளிசரைடு அப்படியே முழுதாகத் தாண்டிப் போகாது. நஞ்சுக்கொடி அதை உடைத்து, கொழுப்பு அமிலமாக்கி, தேவைக்கு அனுப்புகிறது. குளுக்கோஸுக்கு இத்தனை சடங்கு கிடையாது, அது நேராகப் போய்விடும். உங்கள் இன்சுலின் மட்டும் போகாது. அதனால் அங்கே வந்து சேரும் கூடுதல் சர்க்கரையைச் சமாளிக்கப் பிள்ளையின் கணையமே இன்சுலினைச் சுரக்க வேண்டியிருக்கிறது. அந்த இன்சுலின் பிள்ளைக்குக் கொழுப்பைச் சேர்க்கும். பிறந்து தொப்புள்கொடி வெட்டியதும் சர்க்கரை வரத்து சட்டென்று நின்றுவிடும், இன்சுலினோ இன்னும் மிச்சமிருக்கும். அதனால்தான் இப்படிப் பிறக்கும் பிள்ளைகளுக்கு முதல் நாள் குதிகாலில் குத்திச் சர்க்கரை பார்க்கிறார்கள். டென்மார்க்கின் ஜோர்கன் பெடர்சன் 1950களில் முன்வைத்த விளக்கம் இது, இன்றைக்கும் நிற்கிறது.

ட்ரைகிளிசரைடைக் குறைக்க முட்டையையும் தேங்காயையும் விட்டு என்ன பயன்? அதை ஏற்றுவதில் முன்னால் நிற்பது சீனியும் மைதாவும்தான். காலையில் ரொட்டி சானாய் இரண்டு, ‘குராங் மானிஸ்’ (இனிப்புக் குறைவான) தே தாரிக் ஒன்று என்று கடிதத்தோடு அனுப்பிய உணவுக் குறிப்பில் எழுதியிருக்கிறீர்கள். குராங் மானிஸ் என்று சொன்னாலும் கடைக்காரர் ஊற்றுவது அதே கெட்டிப்பால்தான், கொஞ்சம் கை இழுத்து ஊற்றுவார். ‘தே சி கோசோங்’ என்று கேட்டால் சீனியில்லாத பால் போட்டுத் தருவார். காலை நேரத்தில்தான் இன்சுலினின் பேச்சு மிகக் குறைவாக எடுபடும், அதனால்தான் உங்களுக்கு மதியம் 6.0 வரும்போது பசியாறிய பிறகு 7.3 வருகிறது. ரொட்டியை ஒன்றாக்கி, பருப்புக் குழம்பும் அவித்த முட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அல்லது தோசைக்கு மாறுங்கள். மூன்று நாள் அதே நேரத்தில் குத்திப் பாருங்கள், மெஷினே சொல்லிவிடும்.

இனி எச்பிஏ1சி. உங்களைப் போலவே பலர் இதைக் காட்டி, ‘பாருங்கள் நார்மல், கிளினிக்கில் தப்பாகச் சொல்லிவிட்டார்கள்’ என்று சந்தோஷப்படுவதைப் பார்க்கிறேன். எச்பிஏ1சி என்பது ரத்தச் சிவப்பணுவில் எத்தனை சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்ற கணக்கு. அணு எத்தனை நாள் ரத்தத்தில் சுற்றுகிறதோ அத்தனைக்கு ஒட்டும். கர்ப்பத்தில் புது அணுக்கள் வேகமாக உருவாகின்றன, ரத்தத்தில் இளம் அணுக்கள் அதிகம், ஒட்டுவதற்குக் காலம் குறைவு. எண் தானாக இறங்கிவிடும். தவிர, அது இரண்டு மூன்று மாதச் சராசரி. சில வாரங்களாகக் காலையில் மட்டும் அரைப் புள்ளி ஏறியிருப்பது அந்தச் சராசரியில் தெரியவே தெரியாது. கர்ப்பத்தின் ஆரம்பத்தில் 6.5 அல்லது அதற்கு மேல் இருந்தால் முன்னாலேயே இனிப்பு நீர் இருந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க அது உதவும். 30ஆவது வாரத்தில் 5.2 என்பது உங்களுக்கு இல்லை என்பதற்குச் சான்றாகாது.

உங்கள் விஷயத்தில் இன்னொரு முடிச்சும் உண்டு. ஹீமோகுளோபின் 10.1, எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) 74. அந்தப் பக்கம் முழுவதிலும் நியாயமாக விழுந்த குறி இந்த இரண்டும்தான், நீங்களோ அவற்றைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. இரும்புச்சத்துக் குறைந்தால் எச்பிஏ1சி பொய்யாக ஏறும். கர்ப்பம் அதைப் பொய்யாக இறக்கும். இரண்டும் ஒன்றாக இருக்கும்போது 5.2க்கு என்ன அர்த்தம் என்று என்னைப் போன்றவர்களாலும் சொல்ல முடியாது. சிறிய சிவப்பணுவுக்கு நம் நாட்டில் இரும்புக் குறைவு மட்டும் காரணமில்லை, தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டின் கடத்துநராகவும் நீங்கள் இருக்கலாம். முதல் பிள்ளையின்போது அந்தச் சோதனை செய்திருந்தால் புத்தகத்தில் இருக்கும், பாருங்கள். இல்லையென்றால் ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் சோதனை) பார்க்கலாமா என்று கிளினிக்கில் கேளுங்கள். இரும்பு மாத்திரையைத் தேநீரோடு விழுங்காதீர்கள். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். தேநீர் இரும்பைச் சேர விடாது.

அப்புறம் அந்த 4.7க்கும் 5.6க்கும் உள்ள வழக்கு. நீங்கள் குழாய் மூடியின் நிறத்தையெல்லாம் கவனித்து எழுதியிருப்பதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம், எங்கள் கூடத்தில் வேலைக்கே எடுத்துக்கொள்ளலாம். ஊதா மூடி எச்பிஏ1சிக்கும் ரத்த அணுக்களுக்கும். மஞ்சள் மூடி கொழுப்பு, கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றுக்கு. சர்க்கரைக்கென்று சாம்பல் மூடிக் குழாய் ஒன்று உண்டு, அதற்குள் ஃபுளோரைடு இருக்கும். உங்களிடம் அது எடுக்கப்படவில்லை. ரத்தம் குழாய்க்குள் போன பிறகும் அணுக்கள் உயிரோடுதான் இருக்கும், சர்க்கரையைத் தின்றுகொண்டுதான் இருக்கும். தடுப்பு இல்லாத குழாயில், அணுக்களைப் பிரிக்காமல் வைத்திருந்தால், மணிக்கு 5 முதல் 7 விழுக்காடு வரை சர்க்கரை குறையும். சூட்டில் இன்னும் வேகம். பேரங்காடியில் காலை பத்து மணிக்கு எடுத்த ரத்தம், எல்லாருடையதும் சேர்ந்த பிறகு மத்தியானம் கூடத்துக்குப் போயிருந்தால் 5.6 என்பது 4.7 ஆகப் போதுமான நேரம் இருந்திருக்கும்.

அதற்காக வீட்டு மெஷின் சொல்வதுதான் வேதவாக்கு என்றும் இல்லை. நல்ல மெஷினே 15 விழுக்காடு வரை அப்படி இப்படிக் காட்டலாம். மாம்பழம் நறுக்கிவிட்டுக் கை கழுவாமல் குத்தினால் பழத்தின் சர்க்கரையையும் சேர்த்து அளக்கும். ஸ்டிரிப் டப்பாவைத் திறந்தபடி வைத்தால் நம் ஊர் ஈரக் காற்றில் கெட்டுப்போகும். அடுத்த முறை பிஎஸ்பி (ஒரே நாளில் பல வேளை சர்க்கரை பார்க்கும் சோதனை) எடுக்கப் போகும்போது மெஷினையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். தாதி குத்தும் அதே நேரத்தில் நீங்களும் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒட்டி வந்தால் மெஷினை நம்பலாம்.

ஒரே நாள் எண்ணை வைத்து நான் பேசவில்லை என்பதையும் கவனியுங்கள். பல நாட்களாகக் காலையில் 5.5க்கு மேல் வருகிறது. கிளினிக் சோதனையில் 5.4, 8.1. இரண்டும் ஒரே கதையைத்தான் சொல்கின்றன.

அந்த 5.1 எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ‘அரைப் புள்ளிக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா’ என்று வீட்டில் கேட்பார்கள். 2008இல் வெளிவந்த ஹாப்போ ஆய்வில் 9 நாடுகளில் சுமார் 25,000 கர்ப்பிணிகளைப் பார்த்தார்கள். சிங்கப்பூர், பாங்காக், ஹாங்காங்கும் அதில் சேர்த்தி. சர்க்கரை ஏற ஏற, பிள்ளை பெரிதாவதும், தொப்புள்கொடி ரத்தத்தில் இன்சுலின் சுரப்பின் அடையாளமான சி-பெப்டைடு கூடுவதும் படிப்படியாக ஏறிக்கொண்டே போயின. ‘இதற்குக் கீழே பாதுகாப்பு, மேலே ஆபத்து’ என்று ஒரு கோடு அங்கே இல்லை. கோடு எங்கே என்பதை நிபுணர்கள் கூடி முடிவு செய்தார்கள். அதனால்தான் நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறுகிறது. மலேசியாவில் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து, வெறும் வயிற்றில் 5.1 அல்லது இரண்டு மணி நேரத்தில் 7.8, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்டால் போதும். நீங்கள் இரண்டையும் தொட்டிருக்கிறீர்கள்.

உங்கள் நாத்தனாருக்குச் செய்தது ஏமாற்று வேலை அல்ல. சென்னை டாக்டர் வி. சேஷையாவும் அவரோடு இருந்தவர்களும் கொண்டுவந்த முறை அது. அவர் பிறந்த நாளான மார்ச் 10ஐத்தான் இந்தியாவில் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாக வைத்திருக்கிறார்கள். தூரத்திலிருந்து பஸ் ஏறி வரும் பெண்ணை ‘நாளைக்கு வெறும் வயிற்றோடு வா’ என்று திருப்பி அனுப்பினால் அவள் மறுபடி வராமல் போகலாம். அதனால் சாப்பிட்டிருந்தாலும் அன்றே 75 கிராம் கொடுத்து, இரண்டு மணி நேரத்தில் 140க்கு மேலா என்று பார்க்கிறார்கள். அங்கே அளவு மில்லிகிராமில், இங்கே மில்லிமோலில். 140ஐ 18ஆல் வகுத்துப் பாருங்கள், நம்முடைய அதே 7.8 வரும். அவருடைய 132 அதற்குக் கீழே, உங்கள் 8.1 அதற்கு மேலே. அவருக்கு வெறும் வயிற்றில் எத்தனை என்பது அந்த முறையில் தெரியாது, அது வேறு விஷயம்.

பெரிய பேக்கேஜ் வேண்டாம். இன்சுலின் அளவைப் பார்த்து எதிர்ப்பு இருக்கிறது என்பார்கள். முப்பதாவது வாரத்தில் அது எல்லாருக்கும் இருக்கிறது. அடிபோனெக்டின் என்பது கொழுப்புத் திசு சுரக்கும் ஒரு ஹார்மோன். கர்ப்பகால இனிப்பு நீர் உள்ளவர்களிடம் அது குறைவாக இருப்பது பல ஆய்வுகளில் தெரிந்ததுதான். லியூசின், ஐசோலியூசின், வாலின் என்ற அமினோ அமிலங்களைப் பற்றியும் நிறைய ஆராய்ச்சி நடக்கிறது, யாருக்கு வரும் என்பதை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா என்று. எனக்கும் அதில் ஆர்வம் உண்டு. ஆனால் உங்கள் அடிபோனெக்டின் எத்தனை என்று தெரிந்து எந்த டாக்டரும் ஒரு வேளைச் சோற்றைக்கூட மாற்றிச் சொல்லப் போவதில்லை. அந்தக் காசுக்கு ஸ்டிரிப் வாங்குங்கள்.

கிளினிக்கில் பேச வேண்டியது காலை எண்ணைப் பற்றி. சுகாதார அமைச்சின் வழிகாட்டியில் இலக்கு வெறும் வயிற்றில் 5.3க்குள், சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 7.8க்குள், இரண்டு மணி நேரத்தில் 6.4க்குள். மதிய எண் இலக்கில் இருக்கிறது. காலை உணவைத் திருத்தினால் அதுவும் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன். வெறும் வயிற்று எண்தான் சாப்பாட்டுக்குக் கட்டுப்படுவது கடினம், காரணத்தை மேலே சொன்னேன். ஒழுங்காக மூன்று வேளையும் சாப்பிட்டு, சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் நடந்தும், ஒன்றிரண்டு வாரத்தில் அது இறங்கவில்லை என்றால் டாக்டர் மெட்ஃபார்மினோ இன்சுலினோ சொல்லலாம். தயங்காதீர்கள். இன்சுலின் ஊசி போட்டால் ஆயுள் முழுக்கப் போட வேண்டும் என்று நம் ஆட்களிடம் ஒரு பேச்சு இருக்கிறது. கர்ப்பத்தில் போடுவதைப் பிரசவம் ஆனதும் பெரும்பாலோருக்கு நிறுத்திவிடுவார்கள்.

வளைகாப்புக்கு நன்றாக உட்காருங்கள், வளையல் போட்டுக்கொள்ளுங்கள். ஏழு வகைச் சோற்றில் ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி என்று வைத்தாலே தட்டு நிறைந்துவிடும். எலுமிச்சையும் தயிரும் ஒவ்வொரு கரண்டி, கூடவே பொரியல், அவித்த முட்டை. மீதியை வந்த அக்கா தங்கைகளிடம் தள்ளிவிடுங்கள். ஊட்டிவிடும் சர்க்கரைப் பொங்கலை உதட்டில் தொட்டு வாங்கிக்கொண்டால் பெரியவர்கள் கோபிக்க மாட்டார்கள்.

பிள்ளை பிறந்த பிறகு ஒரு காரியம் பாக்கி இருக்கிறது, அதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். ஆறு வாரத்தில் மறுபடி அதே சீனித் தண்ணீர்ச் சோதனை. இந்த முறை எல்லை மற்றவர்களுக்கு உள்ளதுதான்: வெறும் வயிற்றில் 7.0 அல்லது இரண்டு மணி நேரத்தில் 11.1 வந்தால் இனிப்பு நீர். அதற்குக் கீழே, ஆனால் வெறும் வயிற்றில் 6.1 அல்லது இரண்டு மணி நேரத்தில் 7.8ஐத் தொட்டால் எல்லைக்கோட்டில் நிற்கிறீர்கள். நாற்பது நாள் பத்தியம் முடிகிற சமயம் அது. வீட்டில் கருப்பட்டி போட்டுப் பிரசவ மருந்து கிண்டி வைத்திருப்பார்கள், தூக்கமும் இருக்காது, கிளினிக் ஞாபகமும் வராது. உங்கள் கணவரின் கைத்தொலைபேசியில் இப்போதே தேதியைப் போட்டுவையுங்கள். கர்ப்பகால இனிப்பு நீர் வந்தவர்களுக்குப் பின்னாளில் நிரந்தரமாக வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு முதல் பத்து மடங்கு வரை. தாய்ப்பால் கொடுப்பது அந்த வாய்ப்பைக் குறைக்கிறது. ஆறு வாரத்தில் எல்லாம் சரியாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒரு முறை சர்க்கரை பாருங்கள். அடுத்த பிள்ளை உண்டானால் 24ஆவது வாரம் வரை காத்திருக்காமல் முதல் வருகையிலேயே சொல்லிவிடுங்கள்.

கொலஸ்ட்ராலை மட்டும் அவசரப்பட்டுப் பார்க்க வேண்டாம். ட்ரைகிளிசரைடு சீக்கிரம் இறங்கிவிடும், பால் கொடுத்தால் இன்னும் சீக்கிரம். கொலஸ்ட்ரால் இறங்கச் சில மாதம் எடுக்கும். பிரசவமாகி மூன்று மாதம் கழித்துப் பார்த்து, அப்போதும் எச் போட்டிருந்தால் எழுதுங்கள். அந்த எச்சுக்கு மதிப்பு உண்டு.